முப்பது காதம் நடந்தவள்

கண்ணகி வேஷம் கிடைக்கும் என்று நம்பியிருந்தேன். கிடைத்தது கவுந்தி.

சுனாமி வந்துபோன மூன்றாம் வருஷம். பூம்புகாரில் சித்திரைப் பௌர்ணமிக்கு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளெல்லாம் சேர்ந்து சிலப்பதிகாரம் போடுவதென்று முடிவானது. தர்மகுளத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அப்போது வேலைக்கு இருந்தேன். நாடகப் பிரதியைப் பதினோரு படி எடுத்ததே நான்தான். எடுக்கும்போதே கண்ணகியின் வசனம் பாதி மனப்பாடம் ஆகிவிட்டது. தலைமுடி அப்போது இடுப்புக்குக் கீழே தொங்கும். சிலம்பை உடைக்கிற இடத்தில் அதை அவிழ்த்துவிட்டால் எப்படி இருக்கும் என்று வீட்டுக் கண்ணாடியில் பார்த்தும் வைத்திருந்தேன். வேஷம் பிரித்த அன்று, நாடகம் எழுதிய தமிழாசிரியர் என் பெயருக்கு நேரே ‘கவுந்தி’ என்று எழுதினார்.

“உனக்குக் குரல் கனமா இருக்கும்மா. கிழவிக்குப் பொருந்தும்.”

எனக்கு வயது இருபத்திமூன்று. இதைக் கேட்டுக்கொண்டு நிற்பதற்கே தனி நடிப்பு வேண்டியிருந்தது.

அம்மாதான் சாயாவனத்துக்கு அனுப்பினாள். அங்கே ஒரு பாட்டி இருந்தார். பழைய ஸ்பெஷல் நாடக ஸ்திரீபார்ட். புதுக்கோட்டை, திருச்சி, பட்டுக்கோட்டை என்று முப்பது வருஷம் விடிய விடிய வள்ளியாகவும் பவளக்கொடியாகவும் நின்றவர். கண்ணில் புரை விழுந்து, மகன் வீட்டுத் திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்திருப்பார். எங்களுக்கு உறவு இல்லை. ஆனாலும் ஊரில் சின்னப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் அம்மாயி.

“நடந்து காட்டு” என்றார்.

நடந்தேன். இடுப்பை மடித்து, ஒரு கையை முதுகில் வைத்து, மறு கையை நடுங்க விட்டு, தாடையை ஆட்டி, “அப்பா... மகளே...” என்று இழுத்தேன். ஊரில் எந்தப் பள்ளிக்கூட ஆண்டு விழாவிலும் கிழவி இப்படித்தான் வருவாள். அம்மாயி சிரிக்கவில்லை. முறத்தில் இருந்த கல்லைப் பொறுக்கி வெளியே போட்டார்.

“இந்த ஊருலேருந்து மதுரை எம்புட்டு தூரம்னு போட்டிருக்கு உன் புஸ்தகத்துல?”

“முப்பது காதம்.”

“முப்பது காதம் நடக்கப்போறவ கூன் போட்டுக்கிட்டா கிளம்புவா? மேலையூரு தாண்டறதுக்குள்ள விழுந்துருவாளே. அவதான் அந்த ரெண்டு பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டுப் போறவ. வழி தெரிஞ்சவ. நிமிந்து நட.”

சிலப்பதிகாரத்தைப் பள்ளியில் படித்தவள்தான் நான். கோவலனும் கண்ணகியும் விடியுமுன் புகாரை விட்டுக் கிளம்பி, ஒரு காதத்தில் கவுந்தியின் பள்ளியை அடைந்து, அங்கிருந்து மூவருமாகக் காவிரியின் வடகரையோடு மேற்கே நடந்தார்கள் என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அந்த நடையில் முழுதாகத் திடமாக இருந்த ஆள் கவுந்திதான் என்று அதுவரை தோன்றியதில்லை. வீட்டு வாசலைத் தாண்டிப் பழகாத கண்ணகிக்கு ஊர் எல்லையிலேயே கால் நோகிறது. கோவலனுக்கு மனம் நோகிறது. கிழவி மட்டும் நடக்கிறாள்.

“கே.பி.எஸ். அம்மாவைப் பாத்திருக்கியா?” என்று கேட்டார்.

கே.பி. சுந்தராம்பாள் ஔவையாராக வரும் ‘திருவிளையாடல்’ டிவியில் எத்தனையோ தடவை பார்த்ததுதான். “பாத்திருக்கேன்.”

“கூன் போட்டிருந்தாங்களா?”

நினைவில்லை. பழத்துக்காகக் கோபித்துக்கொண்ட முருகன், மலை, பாட்டு எல்லாம் நினைவிருந்தது. அந்த அம்மாளின் முதுகை நான் பார்த்ததே இல்லை.

“போய்ப் பாத்துட்டு வா.”

மயிலாடுதுறையில் ஒரு கடையில் ‘திருவிளையாடல்’, ‘பூம்புகார்’, ‘ஔவையார்’ மூன்றுக்கும் சிடி வாங்கினேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். என் கிழவியை அவற்றில் எங்கும் காணவில்லை. கோலைப் பிடித்திருக்கும் கையைவிட நிமிர்ந்த கழுத்துதான் கண்ணில் படுகிறது. கை ஆடவில்லை, தாடை ஆடவில்லை, குரல் நடுங்கவில்லை. இருந்தும் அந்த உருவத்தை இளம்பெண் என்று யாரும் எண்ணமாட்டார்கள். வயது எங்கே இருக்கிறது என்று தேடினேன். அன்றிரவு அகப்படவில்லை.

அதைத் தேடியே மூன்று மாதம் போனது. தை முடிந்து மாசி, பங்குனி. காலையில் கடை திறக்குமுன் சாயாவனம், இல்லாவிட்டால் காவிரி கடலில் சேரும் முகத்துவாரம். வெளியூர்க்காரர்கள் அங்கே வந்து ‘இவ்வளவுதானா காவிரி’ என்பார்கள். குடகில் பிறந்து இத்தனை ஜில்லாவை நனைத்துவிட்டு வருகிறவள், எங்களிடம் வரும்போது ஒரு வாய்க்கால் அகலம்தான். பங்குனியில் அதுவும் இல்லை, மணல் மேடு. ஆனால் கடல் சத்தத்துக்கு ஓய்வில்லை. அம்மாயிக்கு வேண்டியது அந்தச் சத்தம்தான்.

கரையில் கொட்டியிருக்கும் கருங்கல்லில் உட்கார்ந்துகொள்வார். நான் நாற்பது அடி தள்ளி நிற்க வேண்டும். வசனம் சொல்ல வேண்டும். கேட்டால் கையைத் தூக்குவார். எங்கள் பிரதியில் கவுந்தியின் முதல் வசனம்: “வழி நெடியது மகனே. பழி அதனினும் நெடியது.” ஆசிரியருக்குப் பிடித்த வரி.

கத்தினேன். கை எழவில்லை. இன்னும் கத்தினேன். நாலாம் நாள் தொண்டை கட்டிப் பேச்சே போய்விட்டது. அதிமதுரமும் மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி, மூன்று நாள் வாய் திறக்கக் கூடாதென்று உத்தரவு. ஜெராக்ஸ் கடையில் “ரெண்டு பக்கமும் எடுக்கவா?” என்று துண்டுச்சீட்டில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தேன். வந்தவர்களும் எனக்குக் காது கேட்காது என்று எண்ணி, பதிலை எழுதியே கொடுத்தார்கள்.

அந்த மூன்று நாளும் அம்மாயி பேசினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் ஊருக்குக் காவிரி வருவதற்கு எத்தனையோ முன்னால் தொட்டுவிட்டு வரும் ஊர் கொடுமுடி. அங்கே 1908-இல் பிறந்தவர் சுந்தராம்பாள். கே. என்பது கொடுமுடி, பி. என்பது அவருடைய அம்மா பாலாம்பாள். வறுமை. ரயிலில் பாடிப் பிழைத்த சிறுமி என்று சொல்வார்கள். வேலு நாயர் கம்பெனியில் சேர்த்துவிடப்பட்டபோது பத்து வயதுகூட ஆகவில்லை. நல்லதங்காள் நாடகத்தில் பசிக்கிற பிள்ளையாக நின்று பாட வேண்டும். “பசிக்குதுன்னு பாட அந்தப் பிள்ளைக்கு வாத்தியார் வேணுமா?” என்றார் அம்மாயி. கொழும்பு வரைக்கும் நாடகத்தோடு போனார். அந்தக் காலத்து நாடகமேடைக்கு மைக் கிடையாது. கொட்டகைக்குள் ஆயிரம் பேர், சோடா பாட்டில், அழுகிற குழந்தை, முறுக்கு விற்கிறவன். இத்தனைக்கும் மேலே குரல் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டும். கத்தினால் போகாது. ஒரு வாரம் கத்தினால் அடுத்த வாரம் கம்பெனியில் வேலை இருக்காது.

நான்காம் நாள் பேச்சு வந்ததும் கேட்டேன். “அப்பறம் எப்படித்தான் போச்சு?”

“சொல்லோட வாலை விடக்கூடாது” என்றார்.

இந்த ஒன்றைப் பிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. நாம் பேசும்போது சொல்லின் கடைசி மெய்யை விழுங்கிவிடுகிறோம். ‘வந்தேன்’ என்பது வாயிலிருந்து ‘வந்தே’ என்று வந்து, ‘ன்’ மூக்கோடு நின்றுவிடும். ‘மரம்’ என்பது ‘மரோ’ மாதிரி ஆகிவிடும். பக்கத்தில் நிற்கிறவருக்கு இது போதும். முப்பது அடிக்கு அப்பால் அந்தச் சொல் வாலறுந்த பட்டம். எங்கே விழுந்தது என்று தெரியாது. கே.பி.எஸ். பாடினால் ‘ன்’, ‘ம்’, ‘ல்’ எல்லாம் கதவைச் சாத்தித் தாழ் போட்ட மாதிரி முடியும். சங்கதி எவ்வளவு வேகமாகப் போனாலும் எழுத்து உதிராது. மேல் ஸ்தாயியில் நிற்கும் குரலைத்தான் ஊர் மெச்சுகிறது. வெறும் உயரம் என்றால் அது விசில் சத்தம். அந்த உயரத்தில் ஒவ்வொரு எழுத்தும் முழுதாக இருந்ததுதான் அவர் கற்ற வித்தை. அதற்குப் பிறகு பாட்டை நான் இராகமாகக் கேட்கவில்லை. சிடியை நிறுத்தி நிறுத்தி, சொல் எங்கே முடிகிறது, மூச்சை எங்கே எடுக்கிறார் என்று பென்சிலால் குறித்தேன். அவர் மூச்சு எடுக்கிற இடம் பெரும்பாலும் பொருள் முடிகிற இடம். நமக்கு மூச்சு முடிகிற இடத்தில்தான் மூச்சு வாங்குகிறது.

என் வாயில் இன்னொரு சங்கடமும் இருந்தது. ழகரம். கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் ‘வளி’, ‘பளம்’, ‘மள’ என்று பேசிப் பழகிய நாக்கு. “வழி நெடியது” என்பது என் வாயில் “வளி நெடியது” என்றே வரும். வளி என்றால் காற்று. “காத்து நீளமா இருக்குன்னு சொல்லவா மதுரைக்கு நடக்குறா?” என்பார் அம்மாயி.

முகம் திரும்பக் கூடாது என்பது அடுத்த பாடம். கோவலனிடம் பேசும்போது நான் கோவலனைப் பார்த்தேன். அதுதானே இயல்பு? சினிமாவில் அப்படித்தானே? “அவனுக்குக் கேக்கும். சனத்துக்கு?” பழைய மேடைக்காரர்கள் யாரிடம் பேசினாலும் சபையைப் பார்த்து நின்றதற்குக் காரணம் இதுதான். வாய் எந்தப் பக்கமோ சொல் அந்தப் பக்கம். சினிமாவுக்கு வந்த பிறகும் அவர்களுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. காமிராவைக் கடைசி வரிசை என்று நினைத்து நின்றார்கள். இதைக் குறை என்று சொன்னவர்கள் உண்டு.

கே.பி.எஸ்.ஸின் முதல் படம் ‘நந்தனார்’, 1935. ஆண் வேஷம். வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விசுவநாத அய்யர். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். ஆளை விரட்டுவதற்காகச் சொன்ன தொகை, படமெடுக்க வந்தவர் சரி என்றுவிட்டார் என்று ஒரு கதை உண்டு. படம் வந்ததும் கல்கி ஆனந்த விகடனில் ஒரு விமர்சனம் எழுதினார். மரங்களும் ஆடுமாடுகளும்தான் நன்றாக நடித்திருந்தன என்று பொருள்படும் நையாண்டி அது. இதை நான் எங்கோ படித்துவிட்டு வந்து அம்மாயியிடம் சொன்னேன். கொஞ்சம் குத்தலாகத்தான் சொன்னேன். மூன்று மாதமாக ஆடாமல் அசையாமல் நிற்கச் சொன்னதில் எனக்கு எரிச்சல்.

“எருமை பாடுமா?” என்றார். அவ்வளவுதான் பதில்.

எனக்குள் அந்தக் கேள்வி இன்றும் தீரவில்லை. கே.பி.எஸ். நடிகையா, பாடகியா? எங்கள் பக்கத்து மன்னார்குடியில் பிறந்த மனோரமா ஆச்சியை எடுத்துக்கொண்டால் இப்படி ஒரு கேள்வியே எழாது. ‘தில்லானா மோகனாம்பா’ளில் ஜில் ஜில் ரமாமணி பேசுவதைக் கேட்டவர், அதே வாய்தான் தூத்துக்குடித் தமிழும் மெட்ராஸ் பாஷையும் பேசியது என்றால் சட்டென்று நம்பமாட்டார். பள்ளத்தூரில் வளர்ந்து, நாடகத்துக்கு வந்து, ஆயிரம் படத்துக்கு மேல் போனவர். எனக்கும் அந்த வித்தைதான் பிடிக்கும். வீட்டில் பேசிக் காட்டிச் சிரிக்க வைப்பேன். அம்மாயியிடமும் பேசிக் காட்டினேன். ரசித்துச் சிரித்தார்.

“அது வேற வித்தைடி. ஆச்சி ஊருக்கு ஊர் வாயை மாத்துவாங்க. இந்த அம்மா எந்த வேஷம் போட்டாலும் ஒரே வாய். சனந்தான் மாறிக்கணும்.”

ஒரே வாய் என்பது எல்லா இடத்திலும் போதாது என்றுதான் எனக்குப் படுகிறது. நந்தனாராக அந்த அம்மாள் எப்படி இருந்தாரோ, நானும் பார்த்ததில்லை, அம்மாயியும் பார்த்ததில்லை. ஆனால் ஔவைக்கும் கவுந்திக்கும் காரைக்காலம்மையார் கதைக்கும் அந்த ஒரே வாய்தான் வேண்டும். அந்தக் கிழவிகள் ஊருக்கு ஊர் நடக்கிறவர்கள். அரசன் முன்னாலும் அதே குரல், ஆயர் வீட்டிலும் அதே குரல். அவர்கள் குரலை மாற்றிக்கொண்டால் யார் நம்புவார்கள்?

வெள்ளைச் சேலைப் பேச்சு வந்த நாளில்தான் அம்மாயி என்மேல் நிஜமாகக் கோபப்பட்டார். கே.பி.எஸ்.ஸின் கணவர் செங்கோட்டை கிட்டப்பாவின் கதை எங்கள் பக்கத்தில் தெரியாத கிழவிகள் இல்லை. இலங்கையில் சேர்ந்து நடித்தது, கல்யாணம், பிறந்து சில நாளில் இறந்த குழந்தை, மனஸ்தாபம், பிரிவு. 1933 டிசம்பர் 2-ஆம் தேதி கிட்டப்பா இறந்தபோது அவருக்கு இருபத்தேழு, சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து. அன்றைக்கு உடுத்திய வெள்ளை 1980-இல் சாகும்வரை மாறவில்லை. ஆண் ஜோடி வைத்து அதன் பிறகு நடிக்கவும் இல்லை. “அவ்வளவு துக்கம் இருந்ததாலதான் அந்தக் குரல் அப்படி உருக்குது, இல்லையா அம்மாயி?” என்று கேட்டுவிட்டேன்.

“அதுக்கு முன்னாடி உருக்கலையா? பதினெட்டு வயசுல கிட்டப்பாவுக்கு எதிர்ல நின்னு பாடினவ. எதிர்ப்பாட்டு. அவரு மேல போனா இவ அதுக்கு மேல போவா. அது துக்கமா? வித்தை. எல்லாரும் சேலையையே பேசுங்க. பாட்டை எவ பேசுறா?”

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார். “இருபத்தஞ்சு வயசுல ஸ்திரீபார்ட்டை விட்டா என்ன மிச்சம்? ஆம்பளை வேஷம், கிழவி வேஷம், சாமி பாட்டு. அம்புட்டுதான். அந்த மிச்சத்துலதான் அவங்க ராஜ்ஜியமே பண்ணினாங்க.”

அந்த மிச்சத்தில் வந்தவற்றைப் பிறகு நானே வரிசையாகப் பார்த்தேன். 1951-இல் சட்டமன்ற மேலவை உறுப்பினர். சினிமாக்காரர் ஒருவர் இந்தியாவில் சட்டசபைக்குப் போனது அதுதான் முதல் தடவை. 1953-இல் ஜெமினியின் ‘ஔவையார்’. இளம் ஔவையாகக் குசலகுமாரி வந்துபோன பிறகு படம் முழுக்க இவர்தான். கொத்தமங்கலம் சுப்பு இயக்கம். 1964-இல் ‘பூம்புகா’ரில் கவுந்தி; எஸ்.எஸ்.ஆர். கோவலன், விஜயகுமாரி கண்ணகி. அடுத்த வருஷம் ‘திருவிளையாடல்’. ‘துணைவன்’ படத்தில் பாடியதற்குத் தேசிய விருது வந்தபோது அறுபதைத் தாண்டியிருந்தார். கதாநாயகிகளை ஓய்வுக்கு அனுப்புகிற வயதில் அவருக்குச் சினிமா மறுபடி தொடங்கியிருக்கிறது.

கிழவி வேஷம் என்று நான் மூக்கைச் சிந்தியதற்கு அம்மாயி இன்னொரு மருந்தும் வைத்திருந்தார். 1942-இல் ஜூபிடர் எடுத்த ‘கண்ணகி’யில் கண்ணாம்பாதான் கண்ணகி. அதில் கவுந்தியடிகளாக வந்தவர் யு.ஆர். ஜீவரத்தினம். அப்போது அவர் இருபதைத் தொடாத பெண். ஊஞ்சலூர்க்காரர். ஊஞ்சலூர் கொடுமுடிக்கு அடுத்த ஊர், அதே காவிரிக்கரை. தமிழ்ச் சினிமாவின் இரண்டு கவுந்திகளும் காவிரியின் மேற்கேயிருந்து வந்திருக்கிறார்கள். கிழக்கே, கதை தொடங்குகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு நான் வேண்டாம் என்கிறேன்.

‘பூம்புகார்’ படத்துப் பாட்டு ஒன்றைப் பற்றி நாடகக்காரர்கள் சொல்லும் ஒரு சங்கதி உண்டு. வசனமும் சில பாட்டுகளும் மு. கருணாநிதி எழுதியவை. கோவலன் கொலையுண்ட பிறகு தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்பதுபோல ஒரு வரி வந்ததாம். முருக பக்தையான கே.பி.எஸ். அதைப் பாடமாட்டேன் என்றாராம். பேசிப் பார்த்து, கடைசியில் எழுதியவரே வரியை மாற்றிக் கொடுத்தாராம். எனக்கு இது சரியாகப் படவில்லை.

“நடிப்புன்னா எதையும் சொல்லணுமே அம்மாயி? பேசறது கவுந்திதானே, கே.பி.எஸ். இல்லையே? கவுந்தி சமணத் துறவி, இவங்களுக்கு நெத்தி நிறைய விபூதி. அதுக்கு ஒத்துக்கிட்டவங்க இதுக்கு மட்டும் ஏன்?”

அம்மாயி யோசித்துத்தான் பதில் சொன்னார். “நீ சொன்னா நாலு பேரு கேப்பான், வீட்டுக்குப் போறதுக்குள்ள மறந்துருவான். அந்த அம்மா ஒரு சொல்லைச் சொன்னா ஊரே திருப்பிச் சொல்லும். அப்படிப்பட்ட வாய்க்குப் பயம் இருக்கும். இருக்கணும்.” பிறகு, “நீ தாராளமா எதையும் சொல்லலாம்” என்று சேர்த்துக்கொண்டார். அது ஆறுதலா, இடித்துரைப்பா என்று இன்றுவரை தெரியாது.

நடைக்கு வருகிறேன். வயதை எங்கே வைப்பது என்று நான் தேடியது கடைசியில் அகப்பட்டது நடையில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கடற்கரையிலிருந்து மேலையூர் வரை நடந்து திரும்பச் சொன்னார். கவுந்தி எடுத்துப்போன சாமான்கள்போலத் தோளில் உறி, கையில் பாத்திரம், மயிற்பீலிக்குப் பதில் ஒரு விளக்குமாற்றுக் கட்டு. பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். போகும்போது என் நடைதான். திரும்பும்போது வெயில் ஏறி, தோள் இற்று, கால் தானாகவே ஒரு கணக்குக்கு வந்துவிட்டது. அடி சிறிசாகிறது. குதிகால் முதலில் பதிகிறது. தேவையில்லாமல் கழுத்து திரும்புவதில்லை. யாராவது கூப்பிட்டால் உடம்பு முழுசாக நின்று, பிறகுதான் திரும்புகிறது. வீண் செலவு ஒன்றும் இல்லை. சிடியில் பார்த்த அம்மாளின் வயது இதுதான். அங்கே கூனும் நடுக்கமும் இல்லாததற்குக் காரணம், எதையும் இரண்டு தடவை செய்யத் தெம்பில்லாத உடம்பு எல்லாவற்றையும் ஒரே தடவையில் சரியாகச் செய்துவிடுகிறது.

சாயாவனம் வந்ததும் சொன்னேன். அம்மாயி நீர்மோர் கொடுத்தார். “மதுரைக்கு இன்னும் இருவத்தொம்போது காதம் கிடக்கு” என்றார்.

அழுகையில் மட்டும் கடைசி வரை இழுபறி. கோவலன் இறந்த செய்தி கேட்டு, கவுந்தி உண்ணா நோன்பிருந்து உயிர்விடுகிறாள். எங்கள் நாடகத்தில் அதற்கு ஒரு சின்னக் காட்சி. நான் விழுந்து புரண்டு அழுதேன். ஒத்திகை பார்த்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பெருமையாக அம்மாயியைப் பார்த்தேன்.

“அவ துறவி. சொந்த பந்தத்தை விட்டவ. அழுறதுக்கு அவளுக்கு உரிமை கிடையாது. கூட்டிக்கிட்டுப் போயி இடைச்சி மாதரி வீட்டுல விட்டதும் அவதான். அழ முடிஞ்சா அழுதுட்டு எழுந்து சோறு தின்னிருப்பா. அழ முடியாததாலதான் சோத்தை விட்டா.”

அதற்குப் பிறகு அந்த இடத்தில் நான் செய்ததெல்லாம் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே கவிழ்த்து வைத்தது மட்டும்தான்.

வேஷத்துக்கான மற்ற வேலை சீக்கிரம் முடிந்தது. முகத்தில் கோடு இழுக்க விடவில்லை. தலையில் முத்துவெள்ளையைச் சீப்பால் தொட்டுத் தொட்டு வாரினார். வெள்ளைச் சேலையை மட்டும் டீ டிகாக்ஷனில் முக்கி எடுத்துக் காயப்போட்டார். சலவை வெள்ளை, விளக்கடியில் கண்ணைப் பறித்து முகத்தைத் தின்றுவிடுமாம். கஞ்சி போடக் கூடாது. நடக்கும்போது சேலை சத்தம் போட்டால் துறவிக்கு ஆகாது.

சித்திரைப் பௌர்ணமி. பழைய புகாரில் இந்திர விழா இருபத்தெட்டு நாள் நடந்ததாகக் கதை. அந்த விழாவை மறந்ததால் ஊரைக் கடல் கொண்டது என்று மணிமேகலை சொல்கிறது. சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊரில் அந்தக் கதையை யாரும் லேசாகச் சொல்வதில்லை. அன்று கூட்டம் இருந்தது. எங்கள் நாடகத்தைப் பத்து மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். பேச்சாளர்கள் பேசி, பொன்னாடை போர்த்தி, மறுபடி பேசி, நாங்கள் மேடையேறியபோது மணி ஒன்று. ஏற்பாட்டுக்காரர்களுக்கு நாடகம் என்றால் கடைசியில் வைக்கிற ஊறுகாய். பாதிக் கூட்டம் போய்விட்டது. பிள்ளைகள் மணலில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

தூங்குகிறவர்களுக்கு மேலாகப் பேசினேன். கோவலனையும் கண்ணகியையும் கேலி செய்த இருவரைக் கவுந்தி நரியாகச் சபிக்கும் இடத்தில், எங்கிருந்தோ ஒரு நாய் சரியாகக் குரைத்துக் கைதட்டலை வாங்கிக்கொண்டது. கண்ணகியாக நடித்த பெண் நன்றாகச் செய்தாள். தலைமுடி என்னுடையதைவிடக் குட்டைதான், இருந்தும் நன்றாகவே செய்தாள். பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தபோது சத்தம் எதுவும் இல்லை. அது உருக்கத்தாலா, தூக்கத்தாலா என்று மேடையிலிருந்து பார்த்தால் தெரியாது.

அம்மாயி கடலைவண்டிக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் பின்னால் உட்கார்ந்திருந்தார். கண் சரியாகத் தெரியாதவர் நாடகம் பார்க்க வந்திருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். வேஷத்தைக் கலைத்துவிட்டுப் போய்க் காலில் விழுந்தேன். தலையைத் தொட்டார்.

“ரெண்டு எடத்துல எனக்குக் கேக்கல.”

எந்த இடம் என்று கேட்டேன். விடியட்டும் என்றார்.

விடிந்ததும் அவரை மயிலாடுதுறைக்குக் கண் காட்டக் கூட்டிப்போக வேண்டும். முதல் பஸ்ஸில் ராத்திரிக் கூட்டம் முழுக்கத் திரும்பிக்கொண்டிருந்தது. அம்மாயிக்கு மட்டும் இடம் கிடைத்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காது ஓரத்தில் வெள்ளை இன்னும் ஒட்டியிருந்தது.

“முதல் வசனத்துல ஒரு தடவை. மாதரிகிட்ட விடைசொல்ற எடத்துல ஒரு தடவை. ரெண்டும் ஒரே சொல்லு. சொல்லு பாப்பம்.”

“வழி” என்றேன்.

“இன்னொருக்கா.”

“வழி.”

“நாக்கு மேல தொடுது. தொடக்கூடாது. மடிச்சு நிறுத்து.”

“வழி. வழி. வழி.” முன்னால் இருந்தவர்கள் திரும்பினார்கள். ஒருவர் எழுந்து ஒதுங்கியும் நின்றார்.

கண்டக்டர் பின்பக்கத்திலிருந்து டிக்கெட் போட்டுக்கொண்டே வந்தார். “ஏம்மா, வளி வளின்னு கத்திக்கிட்டு வளியிலயே நிக்கிறியே, வளி விட்டு உள்ள போம்மா” என்றார்.

அம்மாயி மெதுவாக, உடம்பு முழுசாக, அவர் பக்கம் திரும்பினார்.